கேமராவுக்குத் தெரியாத பாதி

சிட்னிக்கு விமானத்தில் போக வேண்டிய தூரத்தில், வெரிபீ என்ற ஊரில் நானும் டாக்டர் இல்ஹாமும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் கோயமுத்தூர்க்காரன், நெட்வொர்க் இன்ஜினியர். அவன் கல்முனைக்காரன், இங்கே ஒரு மருத்துவமனையில் வேலை. அவன் மனைவி ஃபர்ஹா சிட்னியில், பரமட்டாவில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தாள். மூன்று மாதக் கர்ப்பிணி. சிட்னி மருத்துவமனை ஒன்றில் நிபுணர் பயிற்சிக்கு இடம் கிடைத்தால், பிப்ரவரியில் குழந்தை பிறக்கும்போது இல்ஹாம் பக்கத்தில் இருப்பான். கிடைக்காவிட்டால் விமானத்தில் வந்து போகிற அப்பாதான். ஏற்கெனவே இரண்டு முறை நேர்முகத்தில் தோற்றிருந்தான். 'பதில்கள் மனப்பாடம் செய்தவை போல் இருந்தன' என்று போன வருடம் காரணம் சொன்னார்கள்.

இந்த முறை நேர்முகம் வீடியோவில். எனக்கு ஒரே குஷி. அது எப்படி இயங்குகிறது என்று அவனுக்கு விளக்கினேன். மூன்று பேர் கேட்பார்கள், அதில் ஒருவர் மருத்துவமனைக்கு வெளியே இருந்து வருபவர். எல்லோருக்கும் அதே கேள்விகள், அதே இருபது நிமிடம். நேரம் முடிந்தால் திரை தானாக அணைந்துவிடும். மூவரும் ஒருவரோடு ஒருவர் பேசாமல் தனித்தனியாக மதிப்பெண் போட்ட பிறகுதான் கலந்து பேசலாம். முதல் சுற்றில் விண்ணப்பங்களைப் பெயரையும் படித்த நாட்டையும் மறைத்துத்தான் படித்திருந்தார்கள்.

"பேரை மறைச்சா என்ன மச்சான்," என்றான் இல்ஹாம். "இப்ப என்ட முகம் தெரியும்தானே?"

"அதுக்குத்தான் மூணு பேர். ஒருத்தருக்கு உன் முகம் பிடிக்கலேன்னாலும் மத்த ரெண்டு பேர் இருக்காங்க."

"மூண்டு பேருக்கும் பிடிக்காட்டி?"

நான் தொழில்நுட்பத்துக்குத் திரும்பினேன். மடிக்கணினிக்கு அடியில் அவனுடைய தடித்த மருத்துவப் புத்தகங்கள் நான்கை அடுக்கினேன். கேமரா கண் உயரத்துக்கு வந்தது. திரையில் தெரியும் முகத்தைப் பார்த்துப் பேசினால் எதிரில் இருப்பவருக்கு நாம் குனிந்திருப்பது போலத் தெரியும். எனவே லென்சுக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு ஒன்று ஒட்டி, அதையே பார்க்கச் சொன்னேன். பிறகு டேப் வைத்து அளந்தேன். இரண்டு அடி தூரத்தில் உட்கார்ந்தால் நெஞ்சுக்குக் கீழே எதுவும் தெரியாது.

"அப்ப சாரம் உடுக்கலாம்," என்றான். சாரம் என்றால் எங்கள் ஊர் லுங்கி. பள்ளிக்கூடப் பரீட்சை முதல் டாக்டர் பரீட்சை வரை சாரம் கட்டிக்கொண்டுதான் படித்திருக்கிறானாம். கால்சட்டை போட்டால் மூளை ஓடாதாம். கணக்குப்படி தடையில்லை என்று நான் அனுமதி கொடுத்தேன். கோட்டு, டை, ஊதாக் கட்டம் போட்ட சாரம். ஃபர்ஹா போனில் பார்த்துச் சிரித்தாள்: "மேல டொக்டர், கீழ இன்னும் கல்முனை!"

நேர்முகம் தொடங்கியது. வீட்டு இணையத்தை வேறு எதுவும் இழுக்காதபடி காவல் காத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றேன். முதலில் இருவர் வணக்கம் சொன்னார்கள். ஒரு நிமிடம் தாமதமாக மூன்றாவது குரல், தலைமைப் பேராசிரியர். உடனே நாற்காலி பின்னால் இழுபடும் சத்தம் கேட்டது.

இல்ஹாம் படித்த கல்லூரியில் பேராசிரியர் உள்ளே வந்தால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். பத்து வருடப் பழக்கம், யோசிக்காமல் எழுந்துவிட்டான். கேமரா கண் உயரத்தில், அதாவது உட்கார்ந்திருப்பவனின் கண் உயரத்தில். எழுந்தவனின் வயிறு அங்கேதான் வரும். நாற்காலியோடு பின்னால் போனதால் இன்னும் அதிகமாகத் தெரியும். திரை நடுவில் சாரத்தின் முடிச்சு.

யாரும் சிரிக்கவில்லை. கேள்வியைத் தவிர வேறு எதுவும் பேசக் கூடாது என்பது அவர்களுக்கு விதி. அவன் உட்கார்ந்தான். முதல் கேள்வி வந்தது: "நீங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லுங்கள்."

இதற்கு ஒரு பதில் தயாராக இருந்தது. ரத்தப் பரிசோதனைத் தாள் மாறிய கதை, அதை அவனே கண்டுபிடித்துத் திருத்திய கதை. நாற்பது முறை கேட்டிருக்கிறேன். அதை அவன் சொல்லவில்லை.

"சற்று முன் நீங்கள் பார்த்தது ஒன்று," என்றான் ஆங்கிலத்தில். "நானும் நண்பனும் நான் உட்கார்ந்திருப்பதை மட்டும் அளந்தோம். எழுந்து நிற்பேன் என்பதை மறந்துவிட்டோம். போன வருடம் ஒரு நோயாளியிடமும் இதையே செய்தேன். படுத்திருக்கும்போது மட்டும் ரத்த அழுத்தம் பார்த்து, சரியாக இருக்கிறது என்று எழுதினேன். அவர் கழிவறைக்குப் போக எழுந்தார், அழுத்தம் இறங்கி மயங்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. தவறு என்னுடையது என்று அவரிடமும் அவர் மகளிடமும் சொன்னேன். இப்போது நிற்க வைத்தும் பார்க்கிறேன்."

இதை அவன் என்னிடம்கூடச் சொன்னதில்லை.

மற்ற கேள்விகள் ஓடி முடிந்தன. வெளியே வந்தவனின் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னாச்சு?"

"கடைசியில பேராசிரியர் நன்றி சொல்லிப்போட்டு அவரும் எழும்பினார் மச்சான்."

"சரி, மரியாதைதானே?"

"சைக்கிள்ள வந்திருப்பார் போல. மேல டை. கீழ தொடையோட ஒட்டின சைக்கிள் அரைக்கால்சட்டை. அதோட திரை அணைஞ்சிட்டு."

மூன்று வாரம் கழித்து, வியாழக்கிழமை மதியம், இடம் கிடைத்ததாக மின்னஞ்சல் வந்தது. இல்ஹாம் அதை உட்கார்ந்து ஒரு முறை, நின்று ஒரு முறை வாசித்துவிட்டு ஃபர்ஹாவைக் கூப்பிட்டான். அவள் அழுதாள், பிறகு கேட்டாள்: "முதல் நாள் நேரிலதானே போகணும்?"

"ஓம்."

"அப்ப கல்முனைய வீட்டில வெச்சிட்டுப் போங்க."