நம்ம வீட்டு ஆள்

சர்ச்சில் பிள்ளைகளுக்கு வேதப்பாடம் நடத்தும் ஓய்வுநாள் பள்ளி டீச்சருக்கு இரண்டு மாப்பிள்ளைகள். மூத்தவர் வங்கி மேலாளர். இளையவர் வண்டிப் பட்டறை வைத்திருப்பவர். பெரிய மாப்பிள்ளை இருமினால் வெந்நீர் வரும். சின்ன மாப்பிள்ளை இருமினால், "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க மாப்ள" என்று குரல் வரும். யாராவது ஜாடையாகக் கேட்டால், "எனக்கு ரெண்டு பேரும் ரெண்டு கண்ணு" என்பார் டீச்சர். அதை அவர் மனதார நம்பவும் செய்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டரை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். காலையில் பார்த்தால் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. சின்ன மாப்பிள்ளைக்குத்தான் போன் போனது. அவர் ஆராதனைக்குக்கூடப் போகாமல் வந்து, மோட்டாரைக் கழற்றி மாட்டி, ஒருவழியாகத் தண்ணீர் வரவைத்தார். கைகால் கழுவி, சட்டை மாற்றி, மேஜையில் பாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். நகக்கண்ணில் இருந்த கறுப்பு மட்டும் போகவில்லை.

மேஜைக்கு ஐந்து நாற்காலிகள். பாஸ்டர், இரண்டு மகள்கள், இரண்டு மாப்பிள்ளைகள். பரிமாறப்போவது டீச்சர். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் பெரிய மாப்பிள்ளை, முன்னறிவிப்பு இல்லாமல், தன் மேலதிகாரியையும் காரில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. குனிந்து சின்ன மாப்பிள்ளையின் காதருகே சொன்னார்:

"மாப்ள, அடுப்படியில ஸ்டூல் கிடக்கு. நீங்க நம்ம வீட்டு ஆள்தானே."

"சரி அத்தை" என்று அவர் எழுந்து போனார். மேலதிகாரி உட்கார்ந்தார். கொல்லையில் கைகழுவிவிட்டு வந்த சின்ன மகள், தன் புருஷன் இடத்தில் யாரோ இருப்பதைப் பார்த்தாள். தன் நாற்காலியில் அமர்ந்தாள்.

"டீச்சரே ஜெபம் பண்ணட்டும்" என்றார் பாஸ்டர்.

அன்று காலை பிள்ளைகளுக்கு நடத்திய பாடம் டீச்சரின் நாக்கிலேயே இருந்தது. "பெரியவன் சின்னவன்னு முகம் பாக்காத ஆண்டவரே, நாங்களும் அப்படியே..."

அடுப்படியில் ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. பாஸ்டர் அவசரமாக ஆமென் சொல்லி முடித்தார்.

"எங்கம்மா ஜெபம் பண்ணா இப்படித்தான், நெஞ்சு அடைச்சிரும்" என்று மேலதிகாரியிடம் பெருமையாகச் சொன்னாள் பெரிய மகள்.

சின்ன மகள் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். டீச்சர் பின்னாலேயே ஓடினார். சின்ன மாப்பிள்ளை தட்டை மடியில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மாப்ள, உள்ள வாங்க. மேஜையில இடம் இருக்கு."

"அது என் இடம்மா" என்றாள் மகள். "அவர் இடத்தைத்தான் நீ குடுத்துட்டியே."

"விடு" என்றார் அவர். குரலில் கோபமே இல்லை. "பழகிடுச்சு அத்தை. நீங்க போய் அவங்களைக் கவனிங்க."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட டீச்சர் தாங்கியிருப்பார். பழகிடுச்சு என்றால் எத்தனை தடவை நடந்திருக்க வேண்டும்? யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றாக வந்தது. கல்யாணமான புதிதில் பெரியவருக்கு உசத்தியாகவும் சின்னவருக்கு மட்டமாகவும் எடுத்த சட்டைத்துணி. சின்னவர் காய்ச்சலில் கிடந்தபோது எட்டிப்பார்க்காதது. எதையும் அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

டீச்சர் கூடத்துக்குத் திரும்பினார். கரண்டியைக் கீழே வைத்தார்.

"பாஸ்டர், நான் நெஞ்சு அடைச்சு நிறுத்தல. சின்ன மாப்பிள்ளையை எழுப்பி விட்டுட்டு ஜெபம் பண்ணேன். வெக்கமாயிருந்துச்சு. அதான் வார்த்தை வரல."

"இப்ப எதுக்கு அத்தை இதெல்லாம்?" என்று பெரிய மாப்பிள்ளை முணுமுணுத்தார். மேலதிகாரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

பாஸ்டர் தலை நிமிரவில்லை. "அவர் எழுந்து போனதை நானும் பாத்தேன் டீச்சர். பாத்துட்டு சும்மாதான் இருந்தேன்."

சாயங்காலம் சின்ன மாப்பிள்ளை பைக்கை உதைத்து ஸ்டார்ட் செய்தார். டீச்சர் வாசலுக்கு வந்து, "என்னை மன்னிச்சிருங்க மாப்ள" என்றார். அவர் ஹெல்மெட் வாரைச் சரிசெய்தார். மகள் பின்னால் ஏறிக்கொண்டாள்.

"கிளம்புறோம்மா."

போயிட்டு வரேன் என்று சொல்லாமல் அவள் அந்த வாசலை விட்டுப் போனதே இல்லை. எப்போது வருவாய் என்று கேட்க டீச்சருக்கு வாய் வரவில்லை.