வெள்ளிக்கிழமைக் கொடுவா

வள்ளத்தில் ஏற்றிவிட்டால் மனுசனால் எழும்பிப் போக முடியாது என்பதுதான் றெஜினாவின் கணக்கு.

வீட்டில் அது சரிவரவில்லை. மகள் பிறின்சியின் கலியாணக் கதையை எடுக்கிற போதெல்லாம் யோசெப்புக்கு ஏதாவது வேலை ஞாபகம் வந்துவிடும். குசினியில் எடுத்தால் முற்றத்துக்குப் போவார். முற்றத்தில் எடுத்தால் கிழிந்த வலை பொத்தவேண்டும் என்று கரைக்குப் போவார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்துப் பார்த்தாள். கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சைக்கிளடியில் நின்று மிச்சத்தைச் சாப்பிட்டார்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. பின்னேரம் மாப்பிள்ளை வீட்டார் பெண் கேட்டு வருகிறார்கள். அவர்கள் வந்து கதிரையில் இருக்கும்போது வீட்டுக்காரர் வாய்திறந்து "ஓம்" என்று ஒரு சொல் சொல்லவேண்டும். அந்தச் சொல்லை விடியமுதல் வாங்கிவிடவேண்டும் என்று றெஜினா முடிவுகட்டியிருந்தாள். யோசெப்போடு தொழிலுக்குப் போகிற வீரையா மலேரியாவில் படுத்துவிட்டான் என்று முந்தின நாள் செய்தி வந்தபோது அவனுக்காக ஒரு மந்திரம் செபித்துவிட்டு, "நான் வாறன் வள்ளம் தள்ள, மரக்கோல் பிடிக்க" என்றாள்.

"பொம்பிளையள் ஏறினால் மீன் படாது எண்டு சொல்லுறவை" என்றார் யோசெப்.

"அது கடலுக்கு. நீங்கள் இப்ப போறது ஆத்துக்கு."

கடலுக்குப் போகத் தடை போட்டிருந்த காலம் அது. கடலில் வளர்ந்த மனுசன் களப்பிலும் களப்பில் வந்து விழுகிற ஆற்றிலும் வீச்சுவலையோடு திரிந்துகொண்டிருந்தார். றெஜினா களப்புக் கரையில் பிறந்தவள். கலியாணத்துக்கு முதல் தகப்பனுக்கு மரக்கோல் பிடித்துப் பழகியவள். விடியப்புறம் யோசெப்பே அவளை எழுப்பினார்.

தை மாதத்துப் பனி ஆற்றின்மேல் பஞ்சுபோலக் கிடந்தது. வள்ளத்தின் பலகை ஈரமாயும் கல்லுப்போலக் குளிராயும் இருந்தது. யோசெப் சாறத்தை மடித்துக் கட்டி, துவாயால் காதையும் தலையையும் சுற்றி முன்னணியத்தில் நின்றார். றெஜினா அவருடைய பழைய சேட் ஒன்றைச் சட்டைக்குமேல் போட்டுக்கொண்டு பின்னால் நின்று மரக்கோலை ஊன்றினாள். தண்ணீர் வழிந்து முழங்கைக்குள் இறங்கியபோது பல்லுக் கிட்டியது. ஆனாலும் வள்ளம் அசைந்து கரையை விட்டு விலகிய அந்தக் கணத்தில், காலுக்குக் கீழே ஆறு நெளிந்தபோது, அவளுக்குச் சந்தோசமாக இருந்தது. எத்தனை வருசம் ஆகிவிட்டது, இப்படி ஒரு வள்ளத்தில் நின்று.

"கூதலாய் இருக்கோ?" என்று திரும்பிப் பாராமல் கேட்டார் யோசெப்.

"இல்லை. உங்களுக்கு?"

"இல்லை."

இரண்டு பேரும் நடுங்கிக்கொண்டுதான் நின்றார்கள்.

கரை மறைகிற மட்டும் பொறுத்திருந்தாள். பிறகு தொண்டையைச் செருமினாள். "இஞ்சேருங்கோ."

"கதையாதை. மீன் கலைஞ்சிடும்."

"நீங்கள் இன்னும் வலையே எடுக்கேல்லை."

யோசெப் உடனே வலையை எடுத்தார். ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு மடிப்பு மடிப்பாகக் கையில் ஏற்றினார். வாயில் வலை இருக்கும்போது ஆரும் மறுமொழி எதிர்பார்க்க முடியாது. றெஜினாவுக்குச் சிரிப்பு வந்தது. இருபத்தைந்து வருசம் ஒன்றாக இருந்தவள் அல்லவா, அவருடைய ஒளிப்பிடங்கள் எல்லாம் அவளுக்குத் தெரியும். வலை விரிந்து விழுந்தது. இழுத்தபோது உள்ளங்கையளவு திரளி மீன்கள் கொஞ்சம் துள்ளின.

"வாயில இப்ப ஒண்டுமில்லை" என்றாள் அவள். "பொடியனில என்ன பிழை, சொல்லுங்கோ."

"பொடியனில ஒரு பிழையும் இல்லை."

"வேதமோ? அவை சைவம் எண்டதைச் சுவாமியிட்டக் கேட்டாச்சு. கோயிலிலயும் ஆசீர்வாதம், தாலியும் கட்டலாம். ரெண்டு பகுதிக்கும் சம்மதம்."

"வேதமும் இல்லை."

"அப்ப தகப்பன்தான்."

யோசெப் மீனைக் கூடைக்குள் போட்டார்.

மாப்பிள்ளையின் தகப்பன் பரமலிங்கம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறி, ஆற்றோரம் வயல் செய்கிறவர். அவருடைய மகன் ஜெயந்தனைப் பிறின்சி கண்டது, நெல்லுக்குக் கருவாடு மாற்றப்போன இடத்தில். கருவாடு நாறுகிறது என்று விலை குறைத்தானாம். நெல்லில் பதர் கூட என்று இவள் கொட்டிவிட்டு வந்தாளாம். அடுத்த கிழமை அவனே ஒரு மூட்டை நெல்லோடு வீடு தேடி வந்தான். அது நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, போன மாரி வரைக்கும்.

மாரியில் களப்பு நிரம்பினால் தண்ணீர் ஆற்றுக்குள் திரும்பி ஏறி வயலை மூடும். அதனால் களப்புக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற மணல்மேட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவார்கள். எப்போது வெட்டுவது என்பதில்தான் சண்டை. வயல்காரருக்குத் தண்ணீர் ஏறமுதல் வெட்டவேண்டும். மீன்காரருக்கு றால் பெருக்கும் மட்டும் பொறுக்கவேண்டும். முந்தி வெட்டினால் குஞ்சு றால் எல்லாம் தண்ணீரோடு கடலுக்குப் போய்விடும். போன வருசம் வயல்காரர் மண்வெட்டிகளோடு வந்து, ஒருவரையும் கேளாமல் வெட்டிவிட்டார்கள். முன்னுக்கு நின்றவர் பரமலிங்கம். அந்த மாரி முழுக்கக் கரையில் ஒருவருக்கும் றால் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது, கோயில் வாசலில் வைத்து யோசெப் உரத்துச் சொன்னார்: "அந்த மனுசன்ர பேர் இனி என்ர வாயில வராது."

வரவுமில்லை. மகளின் கலியாணப் பேச்சிலும் வரவில்லை.

றெஜினா மரக்கோலைச் சேற்றில் ஆழ ஊன்றிப் பிடித்துக்கொண்டாள். வள்ளம் நின்றது.

"என்ன செய்யிறாய்?"

"நிக்கிறன். நீங்கள் ஓம் எண்டால் போவம். இல்லையெண்டால் இஞ்சயே நிப்பம். பின்னேரம் அவை வந்து ஆத்தங்கரையில நிண்டு பெண் கேக்கட்டும்."

"விசரி" என்றார் யோசெப். கோபமாகச் சொல்லவில்லை. துவாயை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். "தேத்தண்ணி கொண்டந்தனியே?"

பழந்துணி சுற்றிய போத்தலை எடுத்துக் கொடுத்தாள். பனங்கட்டியை ஒரு கடி கடித்து ஒரு மிடறு குடித்துவிட்டு அவளிடம் நீட்டினார். சூடு நெஞ்சுக்குள் இறங்கியது. இரண்டு பேரும் மாறி மாறிக் குடித்தார்கள்.

"மேல போ" என்றார் யோசெப். "ஆத்து வளைவுக்கு."

"இந்தக் கூதலுக்கு மீன் கீழ களப்புப் பக்கம் எல்லோ நிக்கும்?"

"நீ கோல் பிடிக்க வந்தனியோ, எனக்குத் தொழில் படிப்பிக்க வந்தனியோ?"

றெஜினா கோலைப் பிடுங்கினாள். ஓம் சொல்லாவிட்டாலும் "அந்த மனுசன்" என்று தொடங்கவில்லையே. அதுவும் நல்ல குறிதான். மேலே போகப் போகப் பனி கலைந்தது. வலக்கைப் பக்கம் கரை தாழ்ந்து வயல் தெரிந்தது. வரம்புகளைக் கண்டதும் அது பரமலிங்கத்தின் வயல் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

மேட்டு வயல் பச்சையாகத்தான் இருந்தது. ஆற்றோரம் இருந்த தாழ்ந்த துண்டுகள் இரண்டும் மஞ்சளாய், சேறாய்ப் படுத்துக் கிடந்தன. கதிர் வரமுதல் தண்ணீருக்குள் நின்று அழுகிய பயிர். அதன் நடுவில் ஒரு கொக்கு நின்றது.

"இதென்ன?"

"நீ இந்த மாரி றால் வித்தனியெல்லே?"

"ஓம், நல்லாய்ப் பட்டதே."

"அதுதான் இது" என்றார் யோசெப். "இந்த முறை நாங்கள் சொல்லுற மட்டும் மண்ணில கை வைக்கக்கூடாது எண்டு வயல்காரரை மறிச்சு வைச்சிருந்தது இவர். போன கிழமைதான் வெட்டினவை. மற்றவையின்ர வயல் மேடு. தண்ணிக்குள்ள தாண்டது இவற்ர மட்டும்தான்."

றெஜினா படுத்துக் கிடந்த பயிரைத் திரும்பப் பார்த்தாள். பிறின்சி இதைச் சொல்லவில்லை. ஜெயந்தனும் சொல்லவில்லை. நேற்றுக்கூட மாப்பிள்ளையின் தாய் நேசமலர் சந்தையில் சிரித்துக் கதைத்துவிட்டுத்தான் போனவள்.

"நீங்கள் அவரோட கதைச்சியளோ?"

"ஒருநாள் விடிய வரம்பில நிண்டவர். என்னைக் கண்டு தலையை ஆட்டினார். நானும் ஆட்டினன்."

"அவ்வளவுதானோ?"

"வேற என்ன செய்யிறது?"

"மனுசரைப்போல வாய் துறந்து கதைக்கிறது."

யோசெப் கையால் முன்னுக்குக் காட்டினார். வளைவில் ஒரு மருதமரம் ஆற்றின்மேல் சாய்ந்து நின்றது. வள்ளத்தை அதன் வேருக்குள் விடச் சொன்னார். குனிந்து, வேரில் கட்டியிருந்த தங்கூசி நூலைப் பிடித்து மெதுவாக இழுத்தார். தண்ணீர் சுழித்தது. முதலில் ஒரு வெள்ளி வயிறு பளிச்சிட்டது. பிறகு முழு மீனும் மேலே வந்து வாலால் ஓர் அடி அடித்து, இரண்டு பேரையும் குளிப்பாட்டிவிட்டது. கொடுவா. ஓர் ஆட்டுக்குட்டி அளவு இருக்கும். வாயோரம் நூல் கோத்து உயிரோடு கட்டியிருந்தார்.

"எப்ப பிடிச்சனீங்கள்?"

"செவ்வாய்க்கிழமை. விக்கக் குடுக்கேல்லை." தண்ணீர் சொட்டுகிற முகத்தைத் துடைக்காமல் நூலையே பார்த்துக்கொண்டு சொன்னார். "கோயில் வாசலில நிண்டு அவ்வளவு சனத்துக்கு முன்னால கத்தினனான். வாயால சொன்னதை வாயால திருப்பி எடுக்க ஏலாமல் கிடக்கு, றெஜினா. அதுதான் கையால ஏதும் செய்து காட்டுவம் எண்டு பாத்தன். வாற நேரம் இதைக் குழம்பு வைச்சு முன்னால வைச்சால் விளங்கிக்கொள்ளுவினம்தானே."

றெஜினா கோலை வள்ளத்துக்குள் வைத்தாள். அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை நாள் இந்த மனுசனைத் துரத்தினாள். அவரோ அதை மருதமர வேரில் கட்டிவைத்து இரை போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கையை நீட்டி அவருடைய துவாய் நுனியால் அவர் முகத்தைத் துடைத்தாள். அப்போதுதான் நாள் ஞாபகம் வந்தது. சிரிப்பு முட்டிக்கொண்டு வந்து, வள்ளம் ஆடத் தொடங்கியது.

"என்ன சிரிக்கிறாய்?"

"இண்டைக்கு என்ன கிழமை?"

"வெள்ளி. எங்களுக்கு இறைச்சி இல்லை, மீன்தானே."

"எங்களுக்கு. அவைக்கு?"

யோசெப்பின் வாய் திறந்தபடியே நின்றது.

"வெள்ளிக்கிழமையில மீன் கொண்டுபோனால் உந்தப் பக்கம் ஒரு சனமும் படலை துறக்காது எண்டு இருபத்தைந்து வருசமாய் என்னைப் பேசுறியள். சம்பந்தி வாறார் எண்டவுடன அதுவும் மறந்துபோச்சோ?"

அவர் மீனைப் பார்த்தார். மீன் அவரைப் பார்த்தது. இவ்வளவு பெரிய மனுசன் இப்படிச் சுருங்கி நின்று அவள் கண்டதில்லை. அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பும் நிற்கவில்லை.

"திரும்பத் தண்ணியில விடுங்கோ" என்றாள். "நாலு நாள் இருந்தது, இன்னும் ரெண்டு நாள் இருக்காதோ? ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு சாப்பாட்டுக்கு வரச்சொல்லுவம். ஆனால் அதை நான் சொல்லமாட்டன். நீங்கள்தான் சொல்லவேணும். வாயால."

யோசெப் நூலைத் தளர்த்தினார். கொடுவா வேருக்குள் நழுவிப் போனது. வரும் வழியில் அவர் வலை வீசவில்லை. ஏதோ முணுமுணுத்துக்கொண்டு நின்றார்.

"என்ன சொல்லுறியள்?"

"பழகுறன்."

"எங்க, சொல்லுங்கோ பாப்பம்."

"ஐயா, ஞாயிற்றுக்கிழமை வந்து—"

"ஐயாவோ? காச்சட்டை போட்ட கந்தோர் உத்தியோகத்தரோ அவர்?"

"பரமலிங்கம் அண்ணை" என்றார் யோசெப். ஒரு வருசத்துக்குப் பிறகு அந்தப் பேர் அவருடைய வாயில் வந்தது. சொன்னபிறகு உதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

பின்னேரம் மட்டும் பழக அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. வயலடிக்கு வந்தபோது வரம்பில், போர்வையால் தலையை மூடிக்கொண்டு, பரமலிங்கம் நின்றார். வள்ளத்தைக் கண்டு தலையை ஆட்டினார். யோசெப்பும் ஆட்டினார். பின்னால் நின்ற றெஜினா சத்தம் போடாமல் மரக்கோலை ஊன்றினாள். வள்ளம் நின்றது.

யோசெப் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஆற்றைப் பார்த்தாள்.

"அண்ணை" என்றார் யோசெப். குரல் கரகரத்தது. "ஞாயிற்றுக்கிழமையில நீங்கள் மீன் மச்சம் தின்னுவியளோ?"

பழகியது ஒன்று, வந்தது வேறொன்று. பரமலிங்கம் போர்வையைக் காதிலிருந்து விலக்கினார். "ஞாயிறு தின்னுவம். ஏன்?"

"அப்ப ஞாயிறு மத்தியானம் வீட்ட சாப்பிட வாங்கோ. அக்காவையும் பொடியனையும் கூட்டிக்கொண்டு."

பரமலிங்கம் வரம்பின் ஓரத்துக்கு வந்தார். "அப்ப இண்டைக்கு வரவேண்டாமோ?"

"ஐயோ, இண்டைக்கும் வாங்கோ" என்று யோசெப் அவசரப்பட்டதில் வள்ளம் ஒரு பக்கம் சரிந்தது. "இண்டைக்கு மரக்கறி. மச்சம் படாத புதுச் சட்டியாய் வாங்கி, எனக்குத் தெரியாமல் கட்டிலுக்குக் கீழ ஒளிச்சு வைச்சிருக்கிறா மனுசி. பூசணிக்காயும் கிடக்கு. கட்டாயம் வரவேணும்."

றெஜினாவின் கையிலிருந்த கோல் நழுவப் பார்த்தது. பரமலிங்கம் சிரித்தார். அவர் சிரிக்க, அழுகிய பயிருக்குள் நின்ற கொக்கு எழும்பிப் பறந்தது.

"இருட்ட முதல் வாறம்" என்றார். "ஞாயிறு குழம்புக்கு அரிசி என்ர. போன வருச நெல்லுக் கிடக்கு. மேட்டுத் துண்டும் தப்பிட்டுது."

வள்ளம் மெல்ல நகர்ந்தது. வெயில் ஆற்றில் இறங்கத் தொடங்கியிருந்தது. கைவிரல்களுக்கு உணர்ச்சி திரும்பி வந்துகொண்டிருந்தது. கொஞ்சத் தூரம் போனபிறகு றெஜினா கேட்டாள்.

"சட்டியை எப்ப கண்டனீங்கள்?"

"செவ்வாய்க்கிழமை" என்றார் யோசெப், துவாயை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு. "மீன் குழம்பு வைக்கத்தான் வாங்கினாய் எண்டு இண்டைக்கு வரைக்கும் நினைச்சன்."