கதவுக்கு வெளியே நின்ற நீதிபதி

லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி ஆம்ப்ரோஸ் தாக்லிக்கு நான்தான் குமாஸ்தா. அங்கியை மாட்டிவிடுவது என் வேலை. தேநீரை ஆறவிட்டால் திட்டுவதும் நானாக எடுத்துக்கொண்ட வேலை. பெரிய பெரிய வக்கீல்கள் அவர் முன்னால் நாக்குழறுவார்கள். எனக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு அறை முழுக்கத் தேடுகிற மனிதரிடம் என்ன பயம்?

அவருடைய ஒரே மகள் இமோஜெனும் வக்கீல். பெற்றவர் முன் பிள்ளை வாதாடுவது எங்கள் வழக்கத்தில் இல்லை. வேறு நீதிபதி விசாரிக்கும்போது பின்வரிசையில் போய் உட்கார்ந்தால் யாரும் தடுக்கப் போவதில்லை. அதற்கும் இவர் சம்மதிக்கவில்லை.

"நான் போய் உட்கார்ந்தா அந்த ஜட்ஜ் அவ வாதத்தைக் கேப்பாரா, என் மூஞ்சியைப் பார்ப்பாரா, டோரீன்?"

ஆனால் அவள் வாதாடும் நாட்களில், தன் வழக்குகள் முடிந்ததும், அந்த நீதிமன்றத்தின் பக்கவாட்டுக் கதவில் காதை வைத்து நின்றுகொள்வார். நடைவழியில் யாரும் வருகிறார்களா என்று நான் பார்த்துக்கொள்ள வேண்டும். "அடி சக்கை, மடக்கிட்டா பாருங்க!" என்று என் கையைப் பிடித்து உலுக்குவார். நாட்டின் மூத்த நீதிபதிகளில் ஒருவர், திருட்டுத்தனமாக!

"நீங்க இங்க நிக்கறதையாவது அவகிட்ட சொல்லுங்களேன், ஜட்ஜ்."

"சொன்னா ஜட்ஜை விட்டுட்டு கதவைப் பார்த்துப் பேசுவா. நான் ரிட்டயர் ஆகட்டும், முன்வரிசையிலயே போய் உக்காந்துக்கறேன்."

ஓய்வு பெறும் நாளும் வந்தது. உட்கார இடமில்லாமல் வக்கீல்கள் சுவரோரம் நின்று அவருடைய நேர்மையைப் புகழ்ந்தார்கள். இமோஜென் வரவில்லை. சாயங்காலம் நான் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் அறைக்கு வந்தாள்.

"இனிமே உன் கேஸ் எல்லாத்துக்கும் வரேம்மா," என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"கேஸ் ஏதுப்பா? தொழிலை விட்டுட்டேன்." அவள் குரல் உயரவில்லை. "ஒவ்வொரு தடவை எழுந்திருக்கறப்பவும் பின்வரிசையைப் பார்ப்பேன். நல்லாப் பேசறேன்னு ஒரு வார்த்தை சொன்னதில்லை நீங்க. அவ்வளவு மோசமாப் பேசறேன் போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

எனக்குப் பொறுக்கவில்லை.

"வந்தாரும்மா! கதவுக்கு வெளியவே நின்னு கேட்டாரு. நான் கூடவே இருந்தேன்!"

இமோஜென் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "இவருக்காக நீங்க என்னதான் சொல்ல மாட்டீங்க, டோரீன்?" அப்பாவின் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "பின்னாடியே ஓடுங்க! நான் சொன்னது நிஜம்னு சொல்லுங்க!"

அவர் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தார். கண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"என்னன்னு சொல்றது? பார்த்த ஒரே ஆள் என் சொந்தக் குமாஸ்தா. அந்த மாதிரி சாட்சியை நானே நம்பியிருக்க மாட்டேன், டோரீன்."