முனியாண்டி மரத்து வளைவு

லைசென்ஸ் திரும்பக் கிடைக்குமா கிடைக்காதா என்பது வெள்ளிக்கிழமை காலையில் தெரிந்துவிடும். முந்தின நாளே தங்கராஜுவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆயர் ஈத்தாம் ஊருக்குப் போகிற சாலையில் ஒரு வளைவு உண்டு. அங்கே ஒரு தூங்குமூஞ்சி மரம். அடியில் மூன்று கல்லும் துருப்பிடித்த சூலமும். அதுதான் முனியாண்டி. தமிழ் டிரைவர் எவனும் அந்த இடத்தைச் சும்மா தாண்டமாட்டான். ரப்பர் பந்து ஹாரனை இரண்டு தரம் அமுக்குவான். பிறகு ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து நெற்றிக்கு நேரே குவித்துவிட்டு மறுபடியும் பிடித்துக்கொள்வான். கண் இமைக்கிற நேரம்தான். கும்பிடாமல் போன ஒருத்தனை லோரியோடு பள்ளத்தில் கண்டெடுத்தார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அவன் பேர் என்ன, எந்த வருஷம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. தெரியாததாலேயே பயம் கூடுதலாக இருந்தது.

தங்கராஜு கும்பிட்டான். கும்பிட்டபோதுதான் முன்சக்கரம் குழியில் இறங்கியது. கை திரும்பி ஸ்டீயரிங்கைப் பிடிப்பதற்குள் லோரி இடப்பக்கம் இழுத்துப் போய், ஓரமாக நின்ற ரிக்‌ஷாவை நசுக்கிவிட்டது. ரிக்‌ஷாக்காரச் சீனன் குதித்தான். உயிர் தப்பியது, கால் முறிந்தது. கோர்ட்டில் மாஜிஸ்திரேட், அந்த நேரம் உன் கை எங்கே இருந்தது என்று கேட்டார். சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தது என்று இவன் உள்ளதைச் சொன்னான். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. லைசென்ஸ் ஆறு மாதம் முடக்கம், அதற்குப் பிறகும் லைசென்ஸ் ஆபீஸ் வெள்ளைக்காரத் துரை முன்னால் ஓட்டிக் காட்டித் தேறினால்தான் திரும்பத் தருவது என்று தீர்ப்பாகிவிட்டது.

அந்த ஆறு மாதமும் அவன் துறைமுகக் கிடங்கில் அரிசி மூட்டை தூக்கினான். தோள் தோலுரிந்து காய்த்துவிட்டது. முதலாளி ஷேக் அலாவுதீன் நல்ல மனுஷர். கிடங்குக்குப் பின்னால் கொடுத்திருந்த அறையைக் காலி செய்யச் சொல்லவில்லை. ஆனால் வியாழக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"தம்பி, உனக்காக எடத்தை வெச்சிக்கிட்டு நானும் ஆறு மாசம் ஓட்டிட்டேன். நாளைக்கு லைசென்ஸ் வந்தா லோரி உன்னோடது. வரலைன்னா வேற ஆள் அந்த ரூமுக்கு வருவான். என்மேல கோவிச்சுக்காதே."

"இல்ல மொதலாளி."

"டெஸ்ட்டுக்கு நம்ம லோரியவே எடுத்துக்க. லைசென்ஸ் ஆபீஸ் கிராணி இன்னிக்கு ராவே வந்து ஓட்டிக்கிட்டுப் போயிருவாரு. நீ ஆபீஸ் வாசல்ல போய்த்தான் தொடணும். அதுக்கு முன்ன தொட்டே, நான் மனுஷனா இருக்கமாட்டேன்."

ரப்பர் விலை விழுந்த வருஷம் அது. சுங்கை பாக்காப் ஊர்ப்பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்துதான் தங்கராஜு டிரைவர் ஆகி வந்தான். இப்போது அந்தத் தோட்டத்தில் இருக்கிற ஆளையே வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வேலையில்லாதவர்களைக் கப்பலேற்றிக் கடல் தாண்டிச் சொந்த ஊருக்கு அனுப்புவதை அவன் துறைமுகத்தில் நின்று தன் கண்ணால் பார்த்தான். தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பேசாமல் ஏறினார்கள். அவன் மனைவி நவமணி பிறந்தது இங்கே. அந்தக் கப்பல் போய்ச் சேருகிற ஊரில் அவளுக்கு ஒரு முகம் தெரியாது. வயிற்றில் வேறு பிள்ளை.

"எந்த வழியா ஓட்டச் சொல்வாங்க?" என்று நவமணி கேட்டாள்.

"கடற்கரைப் பக்கம் சொன்னா நல்லது. செபாஸ்டியன் கிராணியக் கேட்டேன். துரை என் கேஸ் காகிதத்தைப் படிச்சிட்டாராம். எங்க விழுந்தானோ அங்கயே கூட்டிக்கிட்டுப் போய்ப் பாப்போம்னாராம்."

"மரத்துக்கா?"

"மரத்துக்குத்தான். என் கையை மட்டும்தான் பாப்பாராம்."

அவள் அரிசி களைவதை நிறுத்தினாள். கும்பிட்டால் லைசென்ஸ் போகும். கும்பிடாவிட்டால் என்ன போகும் என்று இரண்டு பேரும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

"கை எடுத்துராதீங்க," என்றாள் கடைசியில். "நான் வெள்ளனயே போய் அங்க நிக்கிறேன். உங்களுக்கும் சேத்து நான் கும்பிடுறேன். புருஷனுக்காகப் பொஞ்சாதி கும்பிட்டா சாமி வேணாங்குமா?"

"வயித்துல புள்ளைய வெச்சிக்கிட்டு முனி மரத்தடியிலயா நிப்பே?"

"அதுக்குத்தானே நிக்கிறேன்."

காலையில் ஆபீஸ் வாசலில் லோரி நின்றது. ஆபீஸ் குமாஸ்தா செபாஸ்டியன் கிராணி வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக அதைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். முன்சக்கரத்துக்குக் கீழே குனிந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்தார். நவமணி விடியற்காலையிலேயே வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"என்ன தங்கராசு இது? லோரிக்குக் கல்யாணமா?"

"வண்டி எடுக்கறப்ப சக்கரத்துல நசுங்கணும் ஐயா. திருஷ்டிக்கு. அங்கயே வெச்சிருங்க."

"நான் மாதா கோயிலுக்குப் போற வேதக்காரன், ஆனாலும் ஒண்ணும் சொல்லமாட்டேன். துரை பாத்தா இவன் இன்னும் திருந்தலைன்னு எழுதிருவாரு." பழத்தை அவர் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "கும்பிடுற டிரைவர்னு ஆபீஸ்ல உனக்குப் பேரே வெச்சிட்டாங்க. இன்னிக்கு அந்தப் பேரை அழிச்சிட்டுப் போ."

நசுங்காத பழத்தோடு புறப்படப் போகிறோம் என்று நினைத்துத் தங்கராஜு அந்தச் சட்டைப்பையையே பார்த்தான்.

துரை வந்தார். உயரமான, சிவந்த மனிதர். பேசாமல் முன்னால் ஏறி உட்கார்ந்தார். கிராணி பின்னால் பலகையில் உட்கார்ந்துகொண்டார். துரை சொல்வதை அவர் தமிழில் சொல்லவேண்டும். முதலில் சொன்னதே ஆயர் ஈத்தாம் சாலை.

தங்கராஜு ஓட்டினான். மாட்டுவண்டிக்கு வழிவிட்டான். திரும்புகிற இடத்தில் கையைக் காட்டினான். பாசார் சந்தைக்குக் கூடை சுமந்து போகிறவர்களைக் கண்டு மெதுவாகப் போனான். எல்லாம் உடம்புக்குப் பழகிய வேலை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. மரத்தைக் கண்டதும் குவிவதும் உடம்புக்குப் பழகிய வேலைதானே. இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அவன் யோசித்துக் கும்பிட்டதில்லை. கை தானாகப் போகும். தானாகப் போகிற கையை எப்படித் தடுப்பது? ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தான். விரல் கணுக்கள் வெளுத்தன. பக்கத்தில் துரையின் தலை சாலைப் பக்கம் இல்லை. அவன் கைப்பக்கம்தான் திரும்பியிருந்தது.

சாலை லேசாக மேடேறியது. மரம் தெரிந்தது. மரத்தடியில் மஞ்சள் சேலை தெரிந்தது. தட்டில் சூடம் எரிந்துகொண்டிருந்தது.

வளைவு என்பதால் ஹாரன் அடிக்கலாம், சட்டமே அடிக்கச் சொல்கிறது. வலக்கையை எடுத்து இரண்டு தரம் அமுக்கினான். உடனே கையைத் திருப்பி வைத்துக்கொண்டான். இடக்கை துடித்தது. தோளிலிருந்து ஏதோ ஒன்று கையைப் பிடித்து மேலே இழுப்பது போல இருந்தது. பல்லைக் கடித்தான். வேர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கவில்லை. கை இரண்டும் ஸ்டீயரிங்கிலேயே இருந்தன.

லோரி ஒரு குலுக்குக் குலுக்கி, இருமி, நின்றுபோனது.

மரத்துக்கு நேர் எதிரே. மூக்கு சூலத்தைப் பார்த்தபடி.

லோரி பின்னுக்கு உருண்டது. கைப்பிரேக்கை இழுத்தான். எஞ்சின் அணைந்துவிட்டது. துரை ஏதோ சொன்னார். கிராணியின் குரல் பின்னாலிருந்து மெல்ல வந்தது. "ஏன் நிறுத்தினேன்னு கேக்குறாரு."

"நான் நிறுத்தல ஐயா. தானா நின்னுபோச்சு."

கிராணி சொன்னார். துரை மறுபடி பேசினார்.

"அப்படின்னா எறங்கிக் கெளப்பச் சொல்றாரு. சீக்கிரம்."

தங்கராஜு இறங்கினான். லோரிக்கு முன்னால் போய், எஞ்சினைக் கிளப்புகிற இரும்பு ஹேண்டிலைச் சுற்றக் குனிந்தான். ஹேண்டில் தாழ இருக்கும். நன்றாகக் குனிந்தால்தான் சுற்றமுடியும். முதுகுக்குப் பின்னால் முனியாண்டி, முகத்துக்கு எதிரே கண்ணாடி வழியாகத் துரை. குனிந்த கண்ணுக்கு நவமணியின் காலும் சேலை ஓரமும் தெரிந்தன.

"ஏங்க," என்றாள் அவள், உதட்டை அசைக்காமல். "கும்பிட எறங்கிட்டீங்களா? வேணாம். நான் கும்பிட்டுட்டேன். துரை பாக்குறாரு, போங்க."

"கும்பிட எறங்கல. வண்டி நின்னுபோச்சு."

"நீங்களா நிறுத்துனீங்க?"

அவன் ஹேண்டிலைச் சுற்றினான். கிளம்பவில்லை. இரண்டாம் தரம் ஹேண்டில் திருப்பி அடித்தது. மணிக்கட்டுக்கு மயிரிழையில் தப்பியது. நவமணி "முனியப்பா" என்று முனகினாள். சூடம் எரிந்து முடிந்து அணைந்தது. அடுத்த சுற்றில் எஞ்சின் உறுமிக்கொண்டு பிடித்துக்கொண்டது. எழும்போது தலை சுற்றியது. மரத்தைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்தபடியே ஏறி உட்கார்ந்தான். மேட்டில் லோரியைப் பின்னுக்கு விடாமல் எடுத்தான். வளைவைத் தாண்டியபோது துரை எழுதுவது கேட்டது. பென்சில் காகிதத்தில் உரசுகிற சத்தம் எஞ்சின் சத்தத்துக்கும் மேலே அவனுக்குக் கேட்டது.

ஆபீஸ் வாசலில் துரை இறங்கி உள்ளே போனார். தங்கராஜு வெயிலில் நின்றான். கிராணி வெளியே வர நேரமாயிற்று. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இவன் கண்ணுக்குத் துறைமுகமும் தகரப் பெட்டியும் தெரிந்தன.

"நின்னுபோனது தப்பாம்," என்றார் கிராணி. "பயந்தவனுக்குக் கால் கிளச்சுல நழுவுறது சகஜம்தான்ங்கிறாரு. கை கும்பிடப் போகலையே, அதைப் பாக்கத்தான் போனேன்னாரு." லைசென்ஸை நீட்டினார். சிவப்பு மையில் அதில் ஏதோ எழுதியிருந்தது. "இன்னொரு தரம் இப்படி ஏதாச்சும் வந்தா, ஆயுசுக்கும் கெடையாதுன்னு எழுதியிருக்கு. பத்திரமா இருலா."

வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான். விரல்கள் பிரியவில்லை. இன்னும் ஸ்டீயரிங்கைப் பிடித்த மாதிரியே வளைந்திருந்தன. கிராணிதான் லைசென்ஸை அவன் விரலுக்கு இடையில் செருகிவிட்டார். பிறகு சட்டைப்பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து, இந்தா, உன்னுது என்று கொடுத்தார்.

அன்று சாயங்காலம் நவமணி ஆட்டுக்கறி சமைத்தாள். ஷேக் அலாவுதீன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "மரத்துப்பக்கம் மெதுவாப் போ தம்பி, ஆனா நின்னுராதே, அரிசிக்காரன் காத்திருக்கமாட்டான்," என்று சிரித்துவிட்டுப் போனார். தங்கராஜுவும் சிரித்தான். அவர் போன பிறகு நவமணி தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"சொல்லுங்க. நீங்களா நிறுத்துனீங்க?"

"கையைத்தான் புள்ள பாத்துக்கிட்டிருந்தேன். காலை நான் பாக்கல."

அவள் இன்னொரு கரண்டி கறியை அவன் தட்டில் போட்டாள்.

சனிக்கிழமை காலையில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஆயர் ஈத்தாமுக்குப் புறப்பட்டான். லைசென்ஸ் சட்டைப்பையில் மடித்து ஊசி குத்தி வைத்திருந்தது. புறப்படுவதற்கு முன் முன்சக்கரத்தின் கீழ் அந்தப் பழத்தை வைத்தான். நசுங்கிய சத்தம் கேட்டது. மனசு கொஞ்சம் அடங்கியது. சாலை மேடேறியதும் அந்த அடக்கமும் போய்விட்டது. ஹாரனை இரண்டு தரம் அமுக்கினான். கைகள் ஸ்டீயரிங்கில் கிடந்தன, அசையவேயில்லை. இனி அவற்றைப் பற்றிக் கவலையில்லை. அவன் குனிந்து தன் இடது காலைப் பார்த்தான். கிளச்சின் மேல் அது லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. மரம் நெருங்க நெருங்க நடுக்கம் கூடியது. அந்த முழங்காலை ஸ்டீயரிங் தண்டோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சாலையில் வைத்தான்.

லோரி நிற்காமல் தாண்டிவிட்டது. பின்னால் எதுவும் கேட்கவில்லை. பாசார் வந்த பிறகுதான் அவன் மூச்சு விட்டான். மூட்டைகளை இறக்கினார்கள். வெற்று லோரியைத் திருப்பினான்.

திரும்பிப் போகவும் அதே வழிதான்.