தண்ணீர் குடித்த சட்டி

"அம்மா, இந்தக் கோயில்ல தீர்த்தம் முடிஞ்சு போச்சோ?"

கேட்டவள் ஆறு வயதுச் சுஜானி. அன்று பள்ளிக்கூடம் இல்லை. அதனால் தாய் கிளறா அவளைத் தன் வேலையிடத்துக்குக் கூட்டி வந்திருந்தாள். இத்தாலியின் பலேர்மோ நகரில், சீசாப் பகுதியில் இருந்த அந்தக் கட்டடம் ஒருகாலத்தில் கத்தோலிக்கக் கோயிலாகத்தான் இருந்தது. பூசை நின்றுபோய்ப் பல வருடங்களாகின்றன. அந்தத் தொண்ணூற்றாறாம் ஆண்டில் அது கண்காட்சி மண்டபம். தரை கழுவித் துடைப்பது கிளறாவின் வேலை.

வாசலோரச் சுவரில் பழைய தீர்த்தத் தொட்டி இருந்த மாடம் அப்படியே இருந்தது. அதில் யாரோ ஒரு மண்சட்டியை வைத்திருந்தார்கள். உள்ளே ஒரு துளி ஈரமில்லை. அதற்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளை கேட்டாள்.

கிளறாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒவ்வொரு நாளும் வாசலைத் துடைக்கிற தன் கண்ணில் இது படவில்லையே. "முடிஞ்சுதான் போச்சு மகள். நாளைக்கு அம்மா கொண்டு வாறன்" என்றாள்.

மண்டபத்தில் அப்போது நோர்வே நாட்டு மட்பாண்டங்களின் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. மூன்று தலைமுறைக் கலைஞர்களின் வேலைகள். தொழிற்சாலையில் சாப்பாட்டுத் தட்டுகள் வனைந்த ஒரு கிழவரின் நீலக் கோடு போட்ட கிண்ணங்கள் முதலில் இருந்தன. அடுத்து, அவரிடம் வேலை பழகிய போர்ஹில்ட் என்ற பெண்மணியின் கனத்த சட்டிகள். கடற்கரைப் பாறையைக் குடைந்து எடுத்தவை போலிருக்கும். கடைசியாக, போர்ஹில்டின் மகள் மரீத் செய்தவை. காகிதத்தை மடித்துச் சுட்டது போல வெள்ளையாக, மெல்லியதாக இருந்தன. அவற்றின் அருகே தூசி தட்டும்போது கிளறா மூச்சைக்கூட மெதுவாகத்தான் விடுவாள். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் பெயர் எழுதிய அட்டை இருந்தது. மாடத்துச் சட்டியின் அட்டையை மட்டும் வாசலுக்கு மறுபக்கச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஆகவே அதுவும் போர்ஹில்டின் கைவேலை என்று கிளறாவுக்குத் தெரியாது.

பெல்லெகிரீனோ மலைக்கு நடந்துபோய், ஊரின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவின் குகைப் பாறையில் சொட்டுகிற தண்ணீரைப் போத்தலில் பிடித்து வருவது பலேர்மோத் தமிழர் பலருடைய வழக்கம். காய்ச்சலுக்கு நெற்றியில் தடவ என்று கிளறாவும் வைத்திருந்தாள். மறுநாள் அதிலிருந்து அரைவாசியைச் சட்டியில் ஊற்றிச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அடுத்த நாள் காலையில் சட்டி வெறுமையாக இருந்தது. அவள் மகிழ்ந்துபோனாள். காவலுக்கு நின்ற குமாரெனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் மொரிசியசிலிருந்து வந்தவன், முருக பக்தன். இருவரும் கதைப்பது இத்தாலிய மொழியில். அவனுக்கு வாயில் வரும் தமிழ் 'அக்கா' என்ற சொல் ஒன்றுதான்.

"பார்த்தியா குமாரென், சனம் இன்னும் கடவுளை மறக்கவில்லை. ஒரு சொட்டு மிச்சமில்லை."

"நானும்தான் தொட்டேன் அக்கா, இரண்டு தடவை. மாமியார் ஊரிலிருந்து வருகிறாள். அதற்கு ஒரு தடவை போதாது."

இப்படியே கண்காட்சி முடியும்வரை அவள் ஊற்றிக்கொண்டே வந்தாள். வந்து போன கிழவிகள் சிலர் தொட்டுக் கும்பிட்டதும் உண்மைதான். ஆனால் தண்ணீரைக் குடித்தது சட்டி. அது மெருகு பூசாமல் சுட்ட சட்டி.

கடைசி நாள் பொருள்களைக் கட்டி எடுக்க மரீத் வந்தாள். மண்டபத்துப் பொறுப்பாளர் சிஞ்ஞோரா அகத்தாவும் மிலானோவிலிருந்து திரும்பியிருந்தார். சட்டியைத் தூக்கிய மரீத்தின் கை அப்படியே நின்றது. உள்ளே சுண்ணாம்பு வெள்ளையாக வளையம் கட்டியிருந்தது. வெளியே உப்புப் பூத்திருந்தது.

"யார் இதில் தண்ணீர் ஊற்றியது?" சிஞ்ஞோராவின் குரல் மண்டபம் முழுவதும் கேட்டது. "மரீத், உன் அம்மாவுக்குக் கண் மங்கிய பிறகு, கையால் தடவித் தடவிச் செய்த கடைசிச் சட்டி இது! செய்தவர் யாரானாலும் இன்றோடு வீட்டுக்குப் போகட்டும்."

கிளறா வாளியோடு தூணருகே நின்றாள். ஏப்ரனின் பையில் ரொசாலியாவின் படம் ஒட்டிய போத்தல் பாதி வெளியே தெரிந்தது. அவளுடைய பெர்மெஸ்ஸோவை, அந்த வதிவிட அனுமதியை, புதுப்பிக்கும் நாள் அடுத்த மாதம். வேலை இல்லையென்றால் கேள்விக்கு மேல் கேள்வி வரும்.

மரீத் அந்தப் போத்தலைப் பார்த்தாள். பிறகு கிளறாவின் முகத்தைப் பார்த்தாள்.

"நான்தான்" என்றாள் மரீத். "திறப்பு விழாவன்று ஊற்றினேன். மண் எப்படிக் குடிக்கிறது என்று பார்க்க ஆசையாக இருந்தது."

"சொந்த அம்மாவின் சட்டியையே இப்படி வைத்திருக்கிறவளுக்கு என் மண்டபத்தை எப்படித் தருவது? வசந்தகாலத்தை மறந்துவிடு" என்று சொல்லிவிட்டுச் சிஞ்ஞோரா உள்ளே போனார். வசந்தகாலத்தில் அங்கே மரீத் தனியாக வைக்கவிருந்த கண்காட்சி, அவளுடைய முதலாவது.

மரீத் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அதில் சட்டியைச் சுற்றினாள். கண் கலங்கியிருந்தது. போகும்போது கிளறாவின் தோளை மெல்லத் தொட்டாள். மாலைக் கப்பலில் ஜெனோவாவுக்குப் போய்விட்டாள்.

"அக்கா, தப்பினாய்" என்றான் குமாரென். "இனி வாயைத் திறக்காதே. மெழுகுதிரி ஒன்று கொளுத்திவிட்டு வேலையைப் பார்."

"அந்தப் பிள்ளைக்கும் எனக்கும் என்ன உறவு, குமாரென்? என் பெயர்கூட அவளுக்குத் தெரியாது."

"அதைத்தானே சொல்கிறேன். உன் பெயர் தெரியாதவளுக்காக நீ ஏன் வேலையை விடவேண்டும்?"

"பெயர் தெரியாமல்தானே அவள் எனக்காகக் கண்காட்சியை விட்டாள்."

அன்றிரவு சாப்பாட்டு நேரத்தில் சுஜானி கேட்டாள்: "அம்மா, தீர்த்தம் இன்னும் இருக்கோ அங்கை?"

"இல்லையம்மா. சட்டியை எடுத்துக்கொண்டு போயிட்டினம்."

"பாவம், அப்ப சனம் எதைத் தொடும்?"

கிளறா மகளின் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். அன்றிரவு மெழுகுதிரி கொளுத்தவில்லை. தான் பட்ட கடனைத் தானே தீர்க்காமல் அதைச் சாந்தா ரொசாலியாவின் தலையில் கட்டுவது நேர்மையாக அவளுக்குப் படவில்லை.

மறுநாள் குமாரென் வருவதற்கு முன்பே அவள் போய்விட்டாள். சிஞ்ஞோரா உள்ளறையில் தனியாகக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"சிஞ்ஞோரா, தண்ணீர் ஊற்றியது நான். அந்தப் பெண் எனக்காகச் சொன்னாள். தீர்த்தச் சட்டி என்று நினைத்துவிட்டேன்."

கோப்பை பாதி வழியில் நின்றது. "என்ன தண்ணீர்?"

"மலைத் தண்ணீர். சாந்தா ரொசாலியாவின் குகையிலிருந்து."

"சாந்துஸ்ஸாவின் தண்ணீரா?" தங்கள் புனிதையை எல்லாப் பலேர்மோக்காரரும் அழைப்பது போலவே சிஞ்ஞோராவும் அழைத்தார். கோயிலுக்குப் போகாதவர் என்று பெயரெடுத்தவர்தான். ஆனாலும் அவருடைய வலது கை நெற்றிவரை போய், என்ன செய்கிறோம் என்று நினைவு வந்ததுபோலத் தலைமயிரை ஒதுக்கியது. எழுந்து வந்து வெறும் மாடத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இதில் அதை வைத்தது நான்தான்" என்றார். "வெளிச்சம் அழகாக விழுகிறது என்று வைத்தேன்."

"சிஞ்ஞோரா, ஒன்று கேட்கலாமா? நான் வந்து சொன்னது அந்தப் பெண்ணுக்குத் தெரியவேண்டாம். செய்த நன்மை வீணாய்ப் போனது என்று அவள் நினைக்கக் கூடாது."

சிஞ்ஞோரா அவளை நிமிர்ந்து பார்த்தார். "திங்கட்கிழமை ஜன்னல்களையும் துடைக்கவேண்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்த் தொலைபேசியை எடுத்தார்.

கிளறா வாளியில் தண்ணீர் பிடித்தாள். கதவிடுக்கு வழியாகக் குரல் வந்தது: "போர்ஹில்ட்? உங்கள் மகள் வீடு வந்ததும் என்னோடு பேசச் சொல்லுங்கள். இல்லை, இல்லை, நல்ல செய்திதான். வசந்தகாலம் அவளுக்குத்தான். ஓ, நேற்றே தொலைபேசியில் சொல்லிவிட்டாளா? ஏன் மனம் மாறினேன் என்றா? சும்மாதான்."

சிறிது நேரத்தில் குமாரென் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வந்தான். "என்ன அக்கா, இன்றைக்கு இவ்வளவு காலையிலேயே வந்துவிட்டாய்?"

"தரை காய நேரம் எடுக்கும்" என்ற கிளறா, மாடத்தை ஒரு காய்ந்த துணியால் துடைத்தாள்.