ஏழு நாள் பெட்டி

"ரெண்டே மாசம். அதுக்கப்புறம் இந்த ரூம் உனக்கு."

"ரெண்டு மாசம்னா ரெண்டு மாசமா, இல்ல உங்க கடைக் கணக்கா? உங்க கடையில நாளைக்கு வான்னா நாலு நாள் ஆகுது."

"எழுதித் தரவா? ஒரே ஒரு பெட்டி செய்யணும். அது முடிஞ்சதும் ரூமை நீ என்ன வேணா பண்ணிக்கோ. குறுக்க ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"எழுத்தெல்லாம் வேணாம். அப்ப நானே கேக்கறேன்."

கட்டிலை இரண்டு பேருமாகத் தூக்கிச் சுவரோரம் நிமிர்த்தி வைத்தபோது நடந்த பேச்சு இது. பதினோரு வருடங்கள் ஓடிவிட்டன. கட்டில் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறது. அதன் கால்களில் ரம்பங்கள் தொங்குகின்றன. கணவனும் மனைவியும் கூடத்தில் மெத்தை விரித்துப் படுக்கிறார்கள்.

அவள் கணவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணாடியைத் தேய்த்து, சட்டத்துக்குள் மயிரிழை நுழைய இடமில்லாமல் உட்கார வைப்பார். வீட்டுக்கு வந்தால் மரம். புகை பிடிக்கிற பைப்புகளை நிறுத்தி வைக்கத் தாங்கிகள், படுக்க வைக்கப் பெட்டிகள். இத்தனைக்கும் அவர் வாழ்நாளில் ஒரு இழுப்பு இழுத்தவரில்லை. தெருவில் பைப்காரர் என்று பெயர் விழுந்துவிட்டது. புதிதாகக் குடிவந்த எதிர்வீட்டு அம்மா ஒரு நாள் வந்து, "உங்க வீட்டுக்காரர் பைப் வேலை பாக்கறாராமே, எங்க சமையல்கட்டுல ஒழுகுது, கொஞ்சம் அனுப்பி வைங்களேன்" என்றாள். "அவர் ஒழுகாத பைப்புக்கு மட்டும்தாங்க வேலை பாப்பார்" என்று இவள் சொல்ல, இருவரும் சிரித்தார்கள். அப்படிப்பட்ட வாய் அவளுக்கு. சிரித்துத்தான் அவள் கெட்டும் போனாள்.

அவளுடைய அப்பா நிலம் அளக்கிற சர்வேயராக இருந்தவர். வெயிலில் சங்கிலியோடு அலைந்த மனிதருக்கு இருந்த ஒரே சொகுசு பைப். நாளுக்கு ஒன்றாக ஏழு வைத்திருந்தார். ஒரு நாள் புகைத்த பைப் ஆறு நாள் சும்மா கிடந்து உள்ளீரம் காய்ந்தால்தான் மறுபடி ருசிக்கும் என்பார். அவர் ஓய்வு பெற்ற அன்று மாப்பிள்ளை தன் கையாலேயே ஒரு பெட்டி செய்து கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் செய்த முதல் பெட்டி அது. ஏழு பள்ளங்கள், பித்தளைக் கீல்கள், முகம் பார்க்கக்கூடிய பளபளப்பு.

அந்தப் பளபளப்பில்தான் வினை வந்தது. கண்ணாடி தேய்க்கிறவருக்கு எந்தப் பொருளானாலும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். வெளியே வார்னிஷ் பூசிய கை நிற்காமல் உள்ளேயும் மூன்று பூச்சுப் பூசிவிட்டது. மூடிய பெட்டிக்குள் ஏழு பைப்புகளும் ஒரு வாரம் அந்த வாடையைக் குடித்துக்கொண்டு கிடந்தன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உறவெல்லாம் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது அப்பா சொன்னார். "மாப்பிள்ளை, வாரம் பூரா புதுசா பெயின்ட் அடிச்ச கதவைக் கடிச்ச மாதிரி இருந்துச்சு. யார் வீட்டுக் கதவுன்னுதான் தெரியல."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஒரு நொடிதான், உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அந்த நொடியில் கணவர் கண் அவள் மேல் இருந்தது.

"உங்கப்பா சிரிச்சது எனக்கு ஒண்ணுமில்ல" என்றார், பேருந்தில் திரும்பி வரும்போது. மீதியை அவர் சொல்லவில்லை. மறுநாள் கட்டில் நிமிர்ந்தது.

மாமனார் வாயை அடைக்க ஒரு பெட்டி. அதை இரண்டு மாதத்தில் செய்தும் விட்டார். ஆனால் அனுப்பவில்லை. மூலையில் இடைவெளி தெரிகிறது என்றார். அடுத்ததில் கீல் முனகுகிறது என்றார். இதற்குள் விஷயம் தெரிந்தவர்கள் தேடி வந்து வாங்கிப் போக ஆரம்பித்தார்கள். மாமனார் வீட்டைத் தவிர, ஊரில் பைப் பிடிக்கிற எல்லோர் வீட்டிலும் அவருடைய புதுப் பெட்டி இருந்தது. மாமனார் கேட்கவில்லை, மாப்பிள்ளை கொடுக்கவில்லை, ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கவும் இல்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அவளுக்கு இரண்டு பக்கமும் மௌனம். இடியாவது சத்தத்தோடு போய்விடும்.

அம்மா இறந்த பிறகு அப்பா, அவள் தம்பி வீட்டில், செருப்பு அடுக்குக்கும் குளிர்பெட்டிக்கும் நடுவே ஒரு மடக்குக் கட்டிலில் படுத்துவந்தார். ஜன்னல் உள்ள இந்த அறையை அப்பாவுக்குக் கேட்க வேண்டும் என்பதுதான் அவள் மனதில் இருந்தது. கேட்கப் போன போதெல்லாம் கணவர் ஏதாவது இரண்டு பலகையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பார்.

"பசை வெச்சிருக்கேன். காயட்டும், பேசலாம்."

பதினோரு வருடமாகக் காயாத பசை உலகத்தில் உண்டா என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்வாள். பிறகு மரத்தூளுக்கு இருமிக்கொண்டே அடுப்படிக்குத் திரும்பிவிடுவாள்.

பெட்டி முடிந்ததும் அதை ஏழு நாள் மூடி வைப்பது அவர் வழக்கம். எட்டாம் நாள் காலையில், அவள் வாயில் எதுவும் படுவதற்கு முன், அவள் முகத்துக்கு நேரே மூடியைத் திறப்பார். அவர் மூக்கு பழகிப்போய்விட்டது.

"என்ன வாடை?"

"ஒண்ணுமில்ல."

"நல்லா இழுத்துப் பாரு. இருந்தா இப்பவே சொல்லிடு. அப்புறம் நாலு பேர் முன்னாடி சிரிக்காத."

ஒவ்வொரு பெட்டிக்கும் இந்தக் கடைசி வரியும் உண்டு. வாடை இருக்கிறது என்று அவள் சொன்ன இரண்டு பெட்டிகளை அவர் மறுபேச்சில்லாமல் பிளந்து போட்டார். அவளுடைய மூக்கை அவர் அவ்வளவு நம்பினார். அவளைத்தான் மன்னிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை தம்பி வந்தான். கையில் துணியில் சுற்றிய பெட்டி. அறையில் இழைப்புளிச் சத்தம் கேட்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"மாத்தல் வந்துடுச்சுக்கா. போற இடத்துல ஒத்தை ரூம் வீடு."

"அப்பா?"

"ஒரு முதியோர் இல்லம் பாத்து வெச்சிருக்கேன். திங்கக்கிழமை கொண்டுபோய் விடணும். நல்ல இடம்தான், நேரத்துக்குச் சாப்பாடு."

"அப்பா என்ன சொன்னாரு?"

"ஜன்னல் இருக்கான்னு கேட்டாரு. வேற ஒண்ணும் கேக்கல." அவன் பெட்டியை அவள் மடியில் வைத்தான். "அங்க புகை பிடிக்கக் கூடாதாம். அத்தான்கிட்ட குடுத்துடு, பத்திரமா வெச்சுக்கத் தெரிஞ்சவர் அவர்தான்னாரு."

"அதை நீயே உள்ள போய் அவர்கிட்ட சொல்லேன்."

"எனக்கு வேணாம்பா. அத்தான் பாக்கற பார்வையில என் கண்ணாடி பவரே ஏறிடும்."

அவன் காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டான்.

அவள் அறைக்குள் போனாள். அவர் ஒரு தாங்கியின் அடிப்பலகையையும் பக்கப்பலகையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். மேஜையின் மறு ஓரத்தில் பெட்டியை வைத்துத் துணியை விலக்கினாள். அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெற்ற பிள்ளையைத் தெரியாதா?

பலகைகளை அப்படியே சாய்த்து வைத்துவிட்டு, கடையில் உபயோகிக்கும் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பெட்டியைத் திறந்தார். பைப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். வெளிப்பக்கம் அவர் பூசிய வார்னிஷ் இன்னும் பளபளத்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. ஏழு பள்ளங்களும் வெறும் மரமாக, கோணலும் மாணலுமாகக் கீறப்பட்டிருந்தன.

"பாத்தியா? பேனாக்கத்தியால சுரண்டியிருக்காரு. மர ரேகைக்குக் குறுக்க. உப்புத்தாள்கூடப் போடல." ஒரு கீறலை நகத்தால் நெருடிக் காட்டினார். "என் வேலையைச் சுரண்டிப்போட்டு, பதினோரு வருஷம் கழிச்சு என் வீட்டுக்கே அனுப்பறாரு. என்ன திமிரு."

அவள் குனிந்து பார்த்தாள். கத்திக் கீறல்களின் முனைகள் மழுங்கிப்போயிருந்தன. பைப்பின் தலை உட்காருகிற இடமெல்லாம் தேய்ந்து, கறுத்து, உள்ளங்கை போல வழவழப்பாகியிருந்தது. பதினோரு வருடம், தினம் ஒன்றை எடுத்து ஒன்றை வைத்த தேய்மானம். சங்கிலி பிடித்த அந்த முரட்டுக் கை எத்தனை நாள் உட்கார்ந்து சுரண்டியிருக்கும்? அப்பா இதை அவளிடம்கூடச் சொன்னதில்லை. அவள் போகும்போதெல்லாம் பெட்டி மடக்குக் கட்டிலுக்கு அடியில் துணிக்குள் இருக்கும்.

"திமிர் பிடிச்சவர் தூக்கிப் போட்டிருப்பாருங்க" என்றாள்.

"நீ அவர் பக்கம்தான் பேசுவ. அன்னைக்கே பாத்தேனே."

அவர் மூடியை மூடினார். பழக்கம் விடவில்லை, பெட்டியைத் தூக்கி அவள் முகத்துக்கு நேரே கொண்டுவந்து திறந்தார்.

"வார்னிஷ் வாடை இன்னும் இருக்கா? சொல்லு. உண்மையைச் சொல்லு."

அவள் மூச்சை இழுத்தாள். வார்னிஷ் இல்லை. புகையிலையும், பழைய மரமும், அப்பாவின் சட்டைக் காலரும் ஒன்றாக வந்தன. விட மனமில்லாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேஜை மேல் சாய்த்து வைத்த பலகை மெல்ல நழுவியது. அவர் அவசரமாக அதை எட்டிப் பிடித்தார்.

"பசை வெச்சிருக்கேன், சீக்கிரம் சொல்லு. இல்லேன்னா காயட்டும், அப்புறம்..."

"காயறப்போ காயட்டுங்க" என்றாள். குரல் உயரவில்லை. பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கி மூடி, இடுப்போடு அணைத்துக்கொண்டாள். "அன்னைக்கு நான் சிரிச்சேன். தப்புதான். பதினோரு வருஷமா அதுக்கு மூக்கைக் குடுத்துட்டேன், ரூமைக் குடுத்துட்டேன். இப்ப கேக்கறேன். நாளைக்குள்ள இந்த ரூமைக் காலி பண்ணிக் கட்டிலை இறக்குங்க. எங்கப்பா இங்கதான் வந்து இருக்கணும்."