இத்தாலிக்குப் போவதை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது

நான் ஆறு நாடு போய் வந்தவள். என்ன பார்த்தாய் என்று மட்டும் கேட்காதீர்கள், கோபம் வரும். பாரிஸில் என் கணவரின் பெரியம்மா மகள் வீட்டில் இறங்கினோம். அவள் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்திய வீடு. நாலு நாளும் வெங்காயம் உரித்தேன். ஈபிள் கோபுரத்தைத் திரும்பி வரும்போது கார்க் கண்ணாடியில் கண்டேன். சுவிஸில் அல்ப்ஸ் மலையைச் சமைத்தபடி குசினி ஜன்னலால் பார்த்தேன், அதுவும் பாதிதான்.

எங்கள் ஆட்களின் வழக்கம் அப்படி. சொந்தக்காரர் இருக்கிற நாட்டுக்குப் போய் அவர்கள் வீட்டில் தங்காமல் திரும்பினால் அது பெரிய குற்றம். "எங்கடை வாசல்படி மிதிக்கேல்லை" என்று பத்து வருடம் சொல்லிக் காட்டுவார்கள். போனாலோ, மூன்று நேரமும் சாப்பாடு, மிச்ச நேரம் கல்யாண வீடியோ.

இந்த வருடம் எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருடம். கணவர் கணேசலிங்கத்தை முன்னால் இருத்தி வைத்துச் சொன்னேன்.

"இஞ்சருங்கோ, இந்தமுறை இத்தாலி. புளோரன்ஸ், சியன்னா, வெனிஸ். எல்லா இடமும் ஹோட்டல். ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. முக்கியமா போலோனாவிலை இருக்கிற உங்கடை சித்தப்பா மோன் முகுந்துக்கு."

"அவன் அறிஞ்சால்?"

"அறிஞ்சால் நான் தனியப் போவன்."

புளோரன்ஸ் தேவாலயத்தின் பெரிய குவிமாடத்துக்கு ஏற நானூற்று அறுபத்து மூன்று படி. லிப்ட் கிடையாது. எனக்கு முழங்கால் சரியில்லை. அதனால் ஏப்ரலிலிருந்து, வேலை முடிந்து வரும்போது, எங்கள் வீட்டுப்பக்கத்து ரெய்னர்ஸ் லேன் ரயில் ஸ்டேசன் படிகளில் பத்துத் தரம் ஏறி இறங்கினேன். ஏதாவது தொலைத்துவிட்டீர்களா என்று அங்கே நிற்கிற ஊழியர் ஒருநாள் கேட்டார். சியன்னாவைச் சுற்றியுள்ள மலைச்சரிவில் சைப்ரஸ் மரங்கள் வரிசையாக நிற்கிற படத்தைப் போனில் வைத்திருந்தேன். வெனிஸில் பஸ்ஸே படகுதானாம். அதில் முன்பக்கம் இருப்பதா பின்பக்கம் இருப்பதா என்பதைக்கூட முடிவு செய்திருந்தேன். ஐம்பத்தாறு வயதில் இப்படி ஆசைப்பட வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஆசைப்பட்டேன்.

கணேசலிங்கம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார், பாவம். உளறியது நான்தான்.

சனிக்கிழமை மீன் வாங்கப் போன இடத்தில் தவநாயகி நின்றாள். கோயில் பழக்கம். மகனின் இருபத்தோராவது பிறந்தநாளைக் கொண்டாடப் பெரிய ஹோல் வாடகைக்கு எடுத்திருக்கிறாளாம், வரச் சொன்னாள். நாளைக் கேட்டால் சரியாக எங்கள் இத்தாலிக் கிழமை. வர ஏலாது என்றேன்.

"ஏன், திரும்பவும் பாரிஸோ? உங்களுக்கென்ன நகுலாக்கா, எங்கை போனாலும் ஓசியிலை படுக்க ஒரு செற்றி கிடைக்கும்," என்றாள், விளைமீனைப் புரட்டிப் பார்த்தபடி.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. "ஒருத்தற்றை செற்றியும் எங்களுக்குத் தேவையில்லை. வெனிஸிலை கால்வாயைப் பாத்த அறை புக் பண்ணியிருக்கு. புளோரன்ஸிலை காலைச் சாப்பாட்டோடை!"

மீன் வெட்டுகிறவர் கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அப்போதுதான் என்ன செய்துவிட்டேன் என்று விளங்கியது.

வீட்டுக்கு வந்து மீன் கழுவி முடியவில்லை, போன் அடித்தது. இத்தாலியிலேயே பலெர்மோவில் இருக்கிற சவிரிமுத்து அண்ணை, கணவரோடு ஒன்றாகப் படித்தவர். எங்களுக்குத் திருக்கை மீன் வாங்கி வைக்கட்டுமாம். அந்தப் போனை வைக்க முதலே போலோனாவிலிருந்து முகுந்த். கணேசலிங்கம் "ஓம் முகுந்த்... சீச்சீ, உனக்குச் சொல்லாமலோ..." என்று நெளிந்தார். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னார்.

"ஹோட்டலெல்லாம் கான்சல் பண்ணட்டாம். ரண்டு கிழமை லீவு போட்டிட்டானாம். ஆட்டுக்கும் சொல்லிப்போட்டானாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மீன் கையோடு நின்று அழுதேன். அழுது முடிய ஆத்திரம் வந்தது.

"போனைத் தாருங்கோ. முகுந்தோடை அல்ல, கௌசியோடை கதைக்கிறன்."

கௌசி முகுந்தின் மனைவி. நல்ல பிள்ளை, அதிர்ந்து பேசத் தெரியாதவள். அவளோடு சண்டை பிடிக்க மனம் வரவில்லை, ஆனால் விட்டுக்கொடுக்கவும் மனம் வரவில்லை.

"கௌசி, குறை நினைக்காதையும். நான் உங்கடை வீட்டை வரேல்லை. எனக்கு ஊர் பாக்கோணும்."

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு மெல்லிய குரலில் கேட்டாள்.

"அக்கா, உண்மையா வரமாட்டியளோ?"

"மாட்டன்."

"அப்பாடா," என்றாள்.

சொன்ன கையோடு பயந்துபோனாள். "ஐயோ அக்கா, பிழையா நினைக்காதேங்கோ. ஜூனிலை கனடா ஆக்கள் பதினொரு பேர். ஜூலையிலை பாரிஸ் ஆக்கள். எனக்கு லீவு எண்டால் அடுப்படிதான். இஞ்சை வந்து இருவத்திரண்டு வருசம். புளோரன்ஸுக்கு ரெயினிலை நாப்பது நிமிசம். ஒருநாளும் போகேல்லை."

எனக்குச் சுருக்கென்றது. ஊர் பார்க்காமல் வந்தேன் என்று இத்தனை வருடம் சொந்தக்காரர்களைத் திட்டியிருக்கிறேன். எங்களுக்குச் சமைத்துப் போட்டவளுக்கும் ஊர் பார்க்க ஆசை இருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

"செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு முகுந்தையும் கூட்டிக்கொண்டு புளோரன்ஸ் ஸ்டேசனுக்கு வாரும். ஹோட்டலிலை இன்னொரு அறை போடுறன். ஆடு வேண்டாம் எண்டு சொல்லிவிடும்."

"அவருக்கு நான் சொல்லுறன் அக்கா." குரலில் இப்போது ஒரு துள்ளல். "அப்ப நான் என்ன சமைச்சுக்கொண்டு வர?"

"ஒண்டும் வேண்டாம்."

"புட்டு எண்டாலும்?"

"கௌசி! கையை வீசிக்கொண்டு வாரும்."

"அக்கா, தெரியாமல்தான் கேக்கிறன். சமைக்கிறதுமில்லையெண்டால், அங்கை வந்து நான் என்ன செய்யிறது?"

"பாக்கிறது," என்றேன்.